கைக்குள் அடங்கும் விளையாட்டுப் பெட்டி

நெல்லியடிச் சந்திக்கு அண்மையிலுள்ள கடையொன்றிலே, எமது மகனின் நெடுநாள் வேண்டுகோளுக்கிணங்கிக் கையில் ஏந்தி விளையாடும் மின்னணுப் பெட்டியொன்றை வாங்கினோம். கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் கொண்டுவருகின்ற விலையுயர்ந்த வர்ணத்திரைக் கருவியன்று இது. மலிவுப் பொருள்; திருவிழாக் கடைகளிலே தொங்கக் கண்டிருப்பீர்கள். மேலே கைக்கடிகாரத்தின் முகம் போன்ற சாம்பல் நிறத் திரை. கீழே கட்டைவிரல்களுக்கென அமைந்த சில பொத்தான்கள். பின்புறத்தில் இரண்டு பற்றரிகளுக்கான அறை. அவ்வளவே.

உறையில் 9999 விளையாட்டுக்கள் என அச்சிட்டிருக்கின்றனர். மகன் ஒரு மாலைப்பொழுதிலேயே அந்தக் கணக்கை உடைத்துவிட்டான். உள்ளவை பத்துப் பன்னிரண்டே. வேகத்தையும் படிநிலையையும் மாற்றி மாற்றிப் பெருக்கிக் காட்டியிருக்கின்றனர். வியாபாரிகளின் பெருக்கல் வாய்பாடு வேறு போலும்! அது எழுப்பும் கீச்சொலியும் எமக்கு உவப்பாயில்லை. ஒலியை நிறுத்தும் பொத்தான் ஒன்று உண்டென்று கண்டபின்னரே இல்லத்தில் அமைதி திரும்பிற்று.

எனினும் அவற்றுள் ஒன்று ஏனைய குறைகளையெல்லாம் ஈடுசெய்ய வல்லது. மேலிருந்து கட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்குகின்றன. ஒவ்வொன்றும் நான்கு சதுரங்களால் ஆனது. வடிவங்கள் மொத்தம் ஏழு. அவற்றைத் திருப்பியும் நகர்த்தியும் இடைவெளியின்றி அடுக்கினால் நிறைந்த வரிசை மறையும். தவறினால் குவியல் உச்சியைத் தொட்டு ஆட்டம் முடிந்துவிடும். மொஸ்கோவிலே சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணினி நிலையத்தில் பணியாற்றிய அலெக்சி பஜித்னோவ் என்பார் 1984 ஆம் ஆண்டில் அமைத்த ரெட்ரிஸ் விளையாட்டின் வழிவந்தது இஃது. மதில் கட்டும் மேசனின் கண் இதற்கு வேண்டும். முதல் நாள் நாம் ஐந்து நிமிடம் தாக்குப்பிடித்தோம். மூன்றாம் நாள் பெரியவர்களும் முறை கேட்டு வாங்கி விளையாடலாயினர். படுக்கையிற் கண்ணை மூடினாலும் கட்டைகள் இறங்குகின்றன என்று மனைவியார் முறையிட்டார்.

திரைக்குத் தன்னொளி கிடையாது. முற்றத்து வெளிச்சத்திலோ விளக்கின் கீழோதான் விளையாடலாம். குறைபோலத் தோன்றும் இச்சிக்கனத்துக்கு ஒரு வரலாறு உண்டு. யப்பானிய நின்டெண்டோ நிறுவனத்தைச் சேர்ந்த குன்பேய் யொக்கோய், ரயிலிலே ஒருவர் கணிப்பானின் பொத்தான்களை அழுத்திப் பொழுதுபோக்குவதைக் கண்டு, 1980 இல் சட்டைப்பைக்குள் அடங்கும் விளையாட்டுக் கருவிகளை உருவாக்கினார். அவர் குழுவினரின் கேம் போய் 1989 இல் வெளிவந்தது. வர்ணமில்லை, தன்னொளியில்லை, ஆயினும் நான்கு பற்றரிகளிலே பத்து மணிநேரத்துக்கு மேல் இயங்கிற்று. போட்டிக்கு வந்த வர்ணத்திரைக் கருவிகளோ ஆறு பற்றரிகளைச் சில மணிநேரத்திலேயே தின்று தீர்த்தன. கேம் போயும் அதன் வர்ண வாரிசும் சேர்ந்து 118 மில்லியனுக்கு மேல் விற்றன. பழகிய மலிவான தொழில்நுட்பத்தைப் புதுவழியிற் பயன்படுத்துவதே யொக்கோயின் கொள்கை. எம் பெட்டியும் அக்குலத்துப் பிள்ளையே.

நிற்க. கேம் போய் வெளிவந்ததற்கு மறு ஆண்டு, 1990 ஜூன் மாதத்தில், இங்கு போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டின் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. தடுக்கப்பட்ட பொருள்களுள் பற்றரியும் ஒன்று. பிறநாட்டுச் சிறுவர் நான்கு பற்றரியிட்டுக் கட்டை அடுக்கிய ஆண்டுகளில், எம்மூர் மாணவர் ஜாம் போத்தலிற் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரியேற்றிப் பரீட்சைக்குப் படித்தனர்.

ஆகையாற்றான், எமது தந்தையார் இப்பெட்டியைக் கையில் வாங்கியதும் திரையைப் பார்க்கவில்லை, பின்மூடியைத் திறந்தார்.

"உதுக்கு எத்தினை பற்றரி போடவேணும், தம்பி?"

"ரெண்டு, அப்பப்பா. முடிஞ்சால் கடையில வேற வாங்கலாம்."

அவர் அவ்விரண்டையும் உள்ளங்கையிற் சற்று நேரம் உருட்டிப் பார்த்தபின், சைக்கிள் வானொலியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுற்றுவர். டைனமோ தருவது ஆடலோட்டம், வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். ஆதலால் இடையே இருவாயி இணைத்தல் வேண்டும் என்பதைப் பௌதிகம் கற்கும் மாணவர் அறிவர். ஒருவர் சுற்ற, வீட்டாரும் அயலாரும் சூழ்ந்திருந்து செய்தி கேட்பர். சுற்றுபவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் மெலிந்து அடங்கும். உடனே இன்னொருவர் கைமாறுவார்.

மகன் வாய்திறவாது கேட்டிருந்தான். இரண்டு நாட்களாக அந்த டைனமோவைத் தேடிக் கொட்டிலைக் கிளறிக்கொண்டிருக்கின்றான். விளையாட்டுப் பெட்டி இப்போது எங்கள் கையில்.