ஆள் ஏறி உட்கார்ந்த பிறகு அளந்து பாருங்கள்

ஸ்போர்ட் குவாட் எனும் நான்கு சக்கர வண்டிகள் எல்லாம் மேடு பள்ளத்தில் குதித்து ஓடப் பிறந்தவை. ஹோண்டா 1999-இல் கொண்டுவந்த டிஆர்எக்ஸ் 400இஎக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். முன் சக்கரம் 8 இன்ச்சுக்கு மேலும், பின் சக்கரம் 9 இன்ச்சுக்கு மேலும் ஏறி இறங்கும்; அதற்கேற்ப வண்டியும் உயரமாக நிற்கும். அமெரிக்காவில் இதைப் பழைய வண்டியாக வாங்கி, டிடி (TT) பந்தயத்தின் இறுகிய களிமண் தடத்தில் ஓட்டுகிறவர்களுக்கு அந்த உயரமே தொல்லை. வளைவில் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பும்.

ஏன் என்பதற்குச் சின்னக் கணக்கு போதும். சக்கர அகலத்தில் பாதியை, ஆளோடு சேர்ந்த எடை மையத்தின் உயரத்தால் வகுங்கள். உதாரணத்துக்கு அகலம் 100 செ.மீ., உயரம் 60 என்றால் 0.83. உயரத்தில் 5 செ.மீ. குறைத்தால் 0.91. இந்த எண் ஏற ஏற வண்டி கவிழ்வது கடினம்.

குறைந்த செலவில் வண்டியைத் தாழ்த்துவது என்றதும் பலரும் முதலில் வாங்குவது பட்டை. ஷாக்கை அமுக்கி, அது முழுதாக நீளாதபடி கட்டிவிடுவார்கள். நிறுத்தி வைத்த வண்டி அழகாகத் தாழ்ந்து நிற்கும். ஆனால் ஆள் ஏறினால் ஸ்பிரிங் எப்படியும் கொஞ்சம் அமுங்கத்தானே செய்யும்? அந்த அமுக்கம் பட்டை பிடித்த அளவைத் தாண்டினால், பட்டை தொய்ந்துபோகும். ஓட்டும்போது உயரம் பழைய உயரமேதான். ஷாக்குக்குள் ஸ்பேசர் போட்டாலும் இதே கதை. ஸ்பேசர் போட்ட அளவுக்கு ஸ்பிரிங்கின் முன்னழுத்தத்தைத் தளர்த்தாவிட்டால், ஆளோடு வண்டி இறங்காது. பட்டையால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. வளைவில் உள்பக்கம் எழும்பாமல் இழுத்துப் பிடிக்கும். அது வேறு வேலை.

அதனால் டேப்பிலிருந்து தொடங்குங்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்டு ஏறி உட்காருங்கள். இரண்டு முறை குலுக்கிவிட்டு, சேஸின் அடிக்குழாய்க்கும் தரைக்கும் இடையே இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். முன்னால் ஓர் அளவு, பின்னால் ஓர் அளவு. இனி எதை மாற்றினாலும் இந்த இரண்டு எண்கள்தான் சாட்சி.

செலவில்லாத வழி, முன்னழுத்த வளையத்தைக் கொக்கி ஸ்பேனரால் மிக மென்மையான படிக்குத் திருப்புவது. வண்டி கொஞ்சம் இறங்கும். ஆனால் அந்த இறக்கம், குழியில் அமுங்க வேண்டிய தூரத்திலிருந்து எடுத்தது. குதித்து இறங்கினால் ஷாக் கடைசி வரை போய் இடிக்கும். இடித்தால் ஒரு படி மேலே ஏற்றிவிடுங்கள்.

காசு செலவழிப்பதாக இருந்தால் முதலில் டயருக்குச் செலவழிப்பேன். 400இஎக்ஸில் கம்பெனி கொடுத்தது முன்னால் 22 இன்ச், பின்னால் 20. இவற்றை 20, 18 ஆக்கினால் நான்கு மூலையும் ஒரு இன்ச் இறங்கும். ஷாக்கின் ஓட்டம் ஒரு மில்லிமீட்டர் கூடக் குறையாது, முன்பின் சமநிலையும் மாறாது. பின் ரிம் 9 இன்ச்; 18 இன்ச் டயர்கள் பெரும்பாலும் 8 அல்லது 10 இன்ச் ரிம்முக்கே வருவதால், ரிம்மோடு சேர்த்துப் பழைய செட் தேடுவது மலிவு. டயர் பத்தில் ஒரு பங்கு சிறுத்துவிட்டதால் இழுவை கூடி, உச்ச வேகம் குறையும். நேர்ப்பாதை நீளமென்றால் பின் ஸ்பிராக்கெட்டில் சில பற்கள் குறைக்க வேண்டியிருக்கும்.

இன்னும் இறக்க வேண்டுமா? ஷாக்குக்குள் ஸ்பேசரும், அதற்கேற்ற குட்டையான, கொஞ்சம் கெட்டியான ஸ்பிரிங்கும் சேர்ந்துதான் போக வேண்டும். இதை ஷாக் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். வாயு நிரப்பிய ஷாக்கில் நைட்ரஜன் அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது, வீட்டில் திறந்தால் ஆளையே காயப்படுத்தும். ஸ்பிரிங்கை அறுப்பதும் வேண்டாம். அறுத்த முனை ஷாக்கில் ஸ்பிரிங்கைத் தாங்கும் தட்டில் சமமாக உட்காராது. சக்கரம் காற்றில் தொங்கும்போது நழுவவும் கூடும்.

முன்னால் மட்டும் இறக்கினால் ஹேண்டில் துடிக்கும். பின்னால் மட்டும் இறக்கினால் வளைவில் முன் சக்கரம் வெளியே வழுக்கிப் போகும். இரண்டையும் சேர்த்தே இறக்குங்கள். முடிந்ததும் ஆளை உட்காரவைத்து முன் சக்கரங்களின் நேர்கோட்டைப் பாருங்கள், சஸ்பென்ஷன் கைகளின் கோணம் மாறியிருந்தால் அது விலகியிருக்கக்கூடும். செயினின் தளர்வையும் அப்படியே, ஆள் இருக்கும்போதே பாருங்கள்.