பழைய பாட்டரி போகும் பாதை

செனகல் நாட்டுத் தலைநகர் டக்காரை ஒட்டியதோர் ஊர், தியாரோய். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையே அங்கே 18 குழந்தைகள் மாண்டனர். கொள்ளை நோயா? இல்லை. பஞ்சமா? அதுவுமில்லை. பழைய மோட்டார் பாட்டரியை உடைத்து ஈயம் எடுத்த மண், அந்தப் பிஞ்சுகளின் உயிரைக் குடித்தது!

டக்கார் எங்கே, நாம் எங்கே என்பீர்கள். சந்துக்குள் ஈயம் உருக்கும் இடத்தைப் போய்ப் பாருங்கள், தோழர்களே! பாட்டரியைச் சம்மட்டியால் பிளப்பார்கள். திராவகம் சாக்கடையில் ஓடும். தகடு கொப்பரையில் உருகும். உருக்குகிறவன் மூச்சில் ஈயம். அவன் சட்டைத் தூசு வீட்டுக்கும் போகிறது. "அப்பா" என்று ஓடிவந்து கட்டிக்கொள்ளும் குழந்தையின் மூளையைக் கெடுக்கிறது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2001-ல் வந்த விதி ஈயப் பாட்டரியோடு நின்றது. 2022 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த விதியோ, டார்ச் விளக்குப் பாட்டரி முதல் மின்சார வண்டிப் பாட்டரி வரை எல்லாவற்றுக்கும் உண்டு. செய்து விற்றவனே திரும்பப் பெற வழி செய்யவேண்டும், புதைக்கக்கூடாது, எரிக்கக்கூடாது, பதிவு பெற்ற ஆலையே பிரித்தெடுக்கவேண்டும். நல்ல விதிதான், மறுப்பதற்கில்லை.

ஆனால் பதிவு பெற்ற ஆலை புகையை வடிகட்டச் செலவழிக்கிறது. சந்து உலைக்கு அந்தச் செலவேது? ஆகவே இரண்டு காசு கூடக் கொடுத்துப் பாட்டரியைத் தட்டிச் செல்கிறது. அந்த இரண்டு காசு உலைக்காரன் பெட்டியிலிருந்தா வந்தது? தொழிலாளியின் நுரையீரலிலிருந்து வந்தது!

எத்தனை டன் திரும்பிற்று என்று அதிகாரி ஏட்டில் எழுதுவார், எழுதட்டும். உலைமுன் நிற்பவனின் இரத்தத்தில் எத்தனை ஈயம் என்பதை எந்த ஏட்டில் எழுதுவார்?