மாவுக்கட்டு போட்ட சுவர்

போன மாதம் என் அண்ணன் மகள் சைக்கிளிலிருந்து விழுந்து இடது கையை முறித்துக்கொண்டாள். ஓசூர் பாகலூர் சாலையில், தண்ணீர் லாரிக்கு வழிவிடப் போய் நடந்தது. ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். வாய் மட்டும் பத்தாம் வகுப்பு. மாவுக்கட்டு போட்டுக்கொண்டிருந்த டாக்டரிடமே கேட்டாள்: "சார், ஈரத்துணியைத்தானே சுத்தினீங்க, ஏன் சுடுது?"

டாக்டர் சிரித்துக்கொண்டே அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

அந்த மாவு ஜிப்சம் என்ற கல்லிலிருந்து வருகிறது. ராஜஸ்தானில் ஏராளமாகத் தோண்டுகிறார்கள். நம் அரியலூர்ப் பக்கத்துக் களிமண்ணிலும் கிடைக்கும். தூத்துக்குடி உப்பளங்களில் கடல்நீர் வற்றும்போது, உப்பு படிவதற்கு முன்பே ஜிப்சம் படிந்துவிடும். பார்த்தால் காய்ந்த கல்தான். ஆனால் 100 கிராம் ஜிப்சத்துக்குள் ஏறக்குறைய 21 கிராம் தண்ணீர் ஒளிந்திருக்கிறது. பிழிந்தாலும் சொட்டாது, கல்லின் படிகத்தோடு படிகமாகப் பூட்டிக் கிடக்கும். அந்தக் கல்லை 150 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால், தண்ணீரில் முக்கால் பங்கு ஆவியாகி ஓடிவிடும். மிச்சமிருக்கும் வெள்ளைத் தூளைத்தான் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்கிறோம்.

இந்தத் தூளுக்குத் தீராத தாகம். தண்ணீர் ஊற்றியதும் இழந்ததைத் திரும்பப் பிடித்துக்கொண்டு மறுபடி கல்லாகிவிடும். ஊசி ஊசியாகப் படிகங்கள் வளர்ந்து, முள்வேலி போல ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொள்ளும். சூடாக்கும்போது நாம் கொடுத்த வெப்பத்தில் ஒரு பங்கு அப்போது வெளியே வருகிறது. அவள் கையில் உணர்ந்தது அந்தச் சூட்டைத்தான்.

சரி, மாவை மட்டும் கையில் அப்பினால் போதாதா? துணி எதற்கு?

இதற்குப் பதில் உங்கள் வகுப்பறையிலேயே இருக்கிறது. சாதாரண வெள்ளைச் சாக்பீஸும் ஜிப்சம்தான். ஒரு சாக்பீஸை மேசைமேல் நிமிர்த்தி நிறுத்தி, உச்சியில் விரலால் அழுத்துங்கள். விரல்தான் வலிக்கும். அதையே இரண்டு புத்தகங்களுக்கு நடுவே பாலம் போலப் படுக்க வைத்து நடுவில் அழுத்துங்கள். டக்! அழுத்தியது மேலேதான், ஆனால் விரிசல் அடிப்பக்கத்தில் பிறக்கிறது. வளையும்போது மேல்பக்கம் நெரிபடும், அடிப்பக்கம் இழுபடும். ஜிப்சம் நெரிப்பதைத் தாங்கும், இழுப்பதைத் தாங்காது.

இப்போது இன்னொரு சாக்பீஸின் ஒரு பக்கத்தில், நீளவாக்கில் ஒரு காகிதப் பட்டையை மைதாப் பசையால் ஒட்டி, ஓர் இரவு காய விடுங்கள். மறுநாள் காகிதம் கீழே இருக்கும்படி பாலத்தில் வைத்து அழுத்துங்கள். முன்னைவிட மல்லுக்கட்டும். உடைந்தாலும் இரண்டு துண்டும் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கும். காகிதம் மேலே இருக்கும்படி வைத்தால்? பழையபடி டக். இழுபடும் பக்கத்தில் இருந்தால்தான் காகிதத்துக்கு வேலை.

கிருஷ்ணகிரிப் பக்கம் கல்குவாரியில் கருங்கல்லைப் பிளப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. வரிசையாகத் துளை போட்டு, ஆப்பு செருகி, ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போவார்கள். ஆப்பு கல்லை இரண்டு பக்கமும் தள்ளி இழுக்கும். கட்டடத்தையே சுமக்கிற கல், கோடு போட்டது போலப் பிளந்துவிடும்.

நெதர்லாந்து ராணுவ மருத்துவர் அந்தோனியஸ் மதைசன், 1851-இல் பருத்தித் துணியில் பிளாஸ்டர் தூளைத் தேய்த்துக் கட்டுப் போட்டபோது செய்ததும் இந்தச் சாக்பீஸ் வேலைதான். இழுப்பைத் துணி வாங்கிக்கொள்ளும், நெரிப்பை மாவு வாங்கிக்கொள்ளும்.

கையோடு கதை முடியவில்லை. சிப்காட் பக்கம் என் நண்பர் ஒருவருக்குச் சின்ன லேத் பட்டறை இருக்கிறது. அதற்குள் ஓர் ஆபீஸ் அறை. செங்கல் சுவர் கிடையாது. இரும்புத் தகடு சட்டங்கள் நிறுத்தி, இரண்டு பக்கமும் ஜிப்சம் போர்டு அடித்த சுவர். ஓசூர், சூளகிரி, அத்திப்பள்ளி என்று எல்லையின் இரண்டு பக்கமும் இப்போது ஆபீஸ் என்றாலே இந்தச் சுவர்தான். போர்டு என்பது ஜிப்சத்தை நடுவில் வைத்து இருபுறமும் கெட்டிக் காகிதம் ஒட்டிய பலகை. இதன் முன்னோடிக்கு 1894-இல் அமெரிக்காவில் அகஸ்டின் சாக்கெட் என்பவர் காப்புரிமை வாங்கினார். காகிதம் ஏன் இருபுறமும் என்று உங்கள் சாக்பீஸைக் கேளுங்கள், சொல்லும்.

நண்பரின் ஆபீஸ் சுவரில், இரண்டு போர்டு சேரும் இடத்தில், தலைமுடி போல ஒரு கோடு விழுந்திருந்தது. சரிசெய்ய மேஸ்திரி வருகிறார் என்றதும், கட்டுப் போட்ட கையோடு இவளும் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

மேஸ்திரி வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், உதவிக்கு வந்த பீகார் பையனிடம் இந்தி, போனில் கன்னடம். ஓசூரில் இதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. அவள் கையைப் பார்த்துவிட்டு, "சுவத்துக்கும் மாவுக்கட்டுதான் போடப்போறோம் பாப்பா" என்றார்.

போர்டின் நீள விளிம்பு லேசாகச் சரிந்திருக்கும். இரண்டு போர்டை ஒட்டி வைத்தால் நடுவில் ஆழமில்லாத பள்ளம் கிடைக்கும். அதில் மாவை மட்டும் நிரப்பினால் காகிதமில்லாத சாக்பீஸ் கதைதான். அதனால் இணைப்பின் மேல் 5 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு டேப். இங்கேதான் வேலைக்காரர்கள் இரண்டு கட்சி: பேப்பர் டேப் கட்சி, ஃபைபர் டேப் கட்சி. பின்னது மெல்லிய கண்ணாடி இழைகளால் பின்னிய வலை.

"கண்ணாடியா? உடைஞ்சிடாதா?" என்றாள் இவள்.

நல்ல கேள்வி. இங்கிலாந்தில் ஏ. ஏ. கிரிஃபித் என்ற பொறியாளர் 1920-களின் தொடக்கத்தில் கண்ணாடியை இழை இழையாக நீட்டி, இழுத்து, அறுத்துப் பார்த்தார். 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடிக் கம்பியைவிட, அதில் 300-இல் ஒரு பங்கே தடிமனுள்ள இழை, அதே அளவு குறுக்குப்பரப்புக்குச் சுமார் 20 மடங்கு இழுப்பைத் தாங்கியது! பெரிய கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும். உடைவது அங்கிருந்துதான் தொடங்கும். குவாரியில் துளை போட்டு வைத்த மாதிரி. முடியைவிட மெல்லிய இழையில் பெரிய கீறல் விழ இடம் ஏது?

அப்படியானால் கண்ணாடி வலைதானே ஜெயிக்க வேண்டும்? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மேஸ்திரி பேச்சை நிறுத்திவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து அவளிடம் ஒரு முனையைக் கொடுத்தார். நூல் போகும் திசையில் இழுத்தார்கள். துண்டு அசையவில்லை. மூலைக்கு மூலை இழுத்தார்கள். துண்டு நீண்டு கொடுத்தது. நீங்களும் அப்பாவின் வேட்டியில் இழுத்துப் பாருங்கள், கேட்டுவிட்டு. இழைகள் நீளவில்லை, அவற்றுக்கு நடுவே இருந்த சின்னச் சதுரங்கள் சாய்ந்து பட்டம் போல ஆகிவிட்டன. வலையிலும் அப்படித்தான். ஒரு போர்டு மேலேயும் பக்கத்துப் போர்டு கீழேயும் துளி நகர்ந்தால், வலை சாய்ந்து இடம் கொடுக்கும்; மேலே பூசிய மாவால் அது முடியாது, வெடிக்கும். பேப்பரில் நார்கள் எல்லாத் திசையிலும் ஒட்டிக் கிடப்பதால், எந்தப் பக்கம் இழுத்தாலும் அவ்வளவு சுலபத்தில் நீளாது. கண்ணாடி இழையின் பலம் ஒன்று, வலையின் பலம் வேறொன்று.

ஆனால் பேப்பர் டேப் பொறுமை கேட்கும். முதலில் பள்ளத்தில் மாவு பூச வேண்டும். அதன்மேல் டேப்பை வைத்து, பட்டி பிளேடால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்தி நீவ வேண்டும். பலமாக அழுத்தினால் அடியிலிருக்கும் மாவெல்லாம் பிதுங்கி வந்துவிடும், காய்ந்த பின் அங்கே கொப்புளம் எழும்பும். அழுத்தாமல் விட்டால் மேடு தட்டும். மேஸ்திரியின் பிளேடு ஒரே சாய்வில், சர்ரென்று, நிற்காமல் இறங்கியது. பையன் நீவியபோது மூன்று இடத்தில் நின்றது. மூன்று இடத்திலும் கொப்புளம்.

ஃபைபர் டேப்பில் இந்தச் சங்கடம் இல்லை. அதன் முதுகிலேயே பசை இருக்கிறது. ஒட்டிவிட்டு மேலே மாவு பூசினால் கண்கள் வழியே உள்ளே இறங்கிவிடும். அவசர வேலைக்கும், சுவரில் விழுந்த ஓட்டையை அடைக்கவும் இதுதான் கைக்கு வாகு. ஒரு நிபந்தனை உண்டு: வாளியில் குழைத்தே வரும் பட்டி தண்ணீர் ஆவியாகிக் காய்வது, காயும்போது சுருங்கும். வலைக்கு முதல் பூச்சாக, தண்ணீர் கலந்ததும் இறுகிக் கல்லாகும் தூள் மாவுதான் நல்லது. மாவுக்கட்டின் சொந்தக்காரன் அது. பேப்பருக்கு இரண்டுமே ஒத்துப்போகும். சுவரும் சுவரும் சேரும் உள்மூலையிலும் பேப்பர்தான் கெட்டிக்காரன்: நடுவில் மடிப்புக் கோடு இருக்கிறது, புத்தக அட்டை போல மடித்து உட்கார வைக்கலாம்.

இன்னோர் இடம் பாக்கி. ஆபீஸின் பின்பக்கச் சுவர் பாத்திரம் கழுவும் தொட்டியை ஒட்டி இருந்தது. அங்கே மேஸ்திரி ஃபைபரைக் கையில் எடுத்தார். ஈரம் பட்டால் காகிதம் பூஞ்சைக்குச் சோறு; கண்ணாடியைப் பூஞ்சை தின்னாது.

"போர்டு மேலயே காகிதம்தானே ஒட்டியிருக்கு? அதைத் தின்னாதா?" என்று மடக்கினாள்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். "யார் சார் இந்தப் பாப்பா?" என்றவர், பச்சை நிறத்தில் இருந்த அந்தப் போர்டைத் தட்டிக் காட்டினார். ஈரம் சீக்கிரம் ஏறாதபடி பக்குவம் செய்தது அது. அதுவும் தண்ணீரில் ஊறக்கூடியது இல்லை, ஈரத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், அவ்வளவே. டேப்பிலும் காகிதம் இல்லையென்றால் பூஞ்சைக்கு ஒரு பந்தி குறைவு.

அது சரி, முதலில் விரிசல் ஏன் விழுந்தது? பழைய டேப்பின் மேல் பழியைப் போட்டுவிடலாம் என்றுதான் நண்பர் நினைத்தார். மேஸ்திரி அண்ணாந்து பார்த்தார். சுவரின் உச்சியைக் கூரையின் இரும்பு உத்தரத்தோடு சேர்த்து முடுக்கியிருந்தார்கள். ஓசூர் கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டர் அளவில் இருக்கும் ஊர். விடியலில் போர்வை கேட்கும், மதியம் தகரக் கூரை தகிக்கும். இரும்பு 1 மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 12 பங்கு நீளும். 10 மீட்டர் உத்தரம் 15 டிகிரி சூடேறினால் எவ்வளவு? பெருக்கிப் பாருங்கள்: 1.8 மில்லிமீட்டர். தினமும் அது நீண்டு, தினமும் சுருங்கி, போகும்போதும் வரும்போதும் சுவரைக் கூடவே இழுத்திருக்கிறது. எந்த டேப்பும் இதற்கு ஈடு கொடுக்காது. மேஸ்திரி முடுக்கியிருந்த திருகுகளைக் கழற்றி, உச்சியில் சுவர் நழுவ ஒரு விரற்கடை இடம் விட்டார். அதற்கே பாதி நாள் போனது.

பிறகு மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் முந்தியதைவிட அகலமாக. ஒவ்வொன்றும் காய ஒரு நாள். கடைசியில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட்.

பெயின்ட் அடித்த மறுநாள் போனோம். அவள் நல்ல கையால் சுவரைத் தடவித் தடவி இணைப்பைத் தேடினாள். கிடைக்கவில்லை. மேஸ்திரி ஆபீஸ் விளக்கை அணைத்துவிட்டு, போனின் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தார். வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு ஓடியது. உள்ளங்கை அகலத்துக்கும் மேலாக, மேலிருந்து கீழே, மிக லேசான ஒரு மேடும் அதன் நிழலும் தெரிந்தன. அவள் தன் கட்டுப் போட்ட கையையும் அந்த வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தாள். துணியின் சதுரம் சதுரமான தடம் மாவுக்கு மேலே அப்படியே தெரிந்தது.

"எனக்கு ஃபைபர் டேப்" என்றாள்.