இலங்கை நோக்கிய கலங்கள் ஒதுங்கிய கரை

தாய்லாந்தின் தென்பாகத்திலே, தாய்லாந்துக் குடாவின் கரையை ஒட்டி, நக்கோன் சி தம்மராத் என்னும் மாகாணம் அமைந்துள்ளது. நகர ஸ்ரீ தர்மராஜ என்னும் வடமொழித் தொடரே தாய் மக்களின் நாவில் இவ்வாறு ஒலிக்கின்றது. ஐரோப்பிய வணிகர் இதனை லிகோர் என்றழைத்தனர். அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே தாம்பரலிங்கம் என்னும் அரசு இப்பகுதியில் விளங்கியது. மாகாணத்தின் தலைநகர் வடக்குத் தெற்காக நீண்டு, அகலத்தில் ஒடுங்கிக் கிடக்கின்றது. பண்டைக் காலத்தில் கடல் ஒதுக்கிச் சென்ற மணல்மேட்டின்மீது ஊர் எழுந்தமையே அதற்குக் காரணம்.

அம்மணல்மேட்டின் நடுவே மகாதாது விகாரை நிற்கின்றது. அதன் பெருந்தாதுகோபம் ஐம்பது மீற்றருக்கு மேல் உயர்ந்தது. உச்சி பொன் வேய்ந்தது. மணியைக் கவிழ்த்தாற்போன்ற அதன் வடிவத்தைக் காணும் இலங்கையர், அனுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் நினையாதிருத்தல் அரிது. இலங்கையின் பௌத்தக் கட்டட மரபே இங்கு வந்து வேரூன்றியது.

கலிங்க நாட்டுத் தந்தபுரத்திலிருந்து புத்தபிரானின் தந்ததாதுவை இளவரசி ஹேமமாலையும் தந்தகுமாரனும் இலங்கைக்குக் கொணர்ந்த கதையை நேயர்கள் அறிவர். அதே இருவரைப் பற்றிய கதை இவ்வூரிலும் வழங்குகின்றது. இலங்கைக்குச் செல்லும் வழியில் அவர்களுடைய மரக்கலம் உடைந்ததென்றும், கரையேறிய இருவரும் தாதுவை இம்மணலிற் புதைத்துக் காத்தனரென்றும், பின்னர் இலங்கை சேர்ந்த தாதுவின் ஒரு பகுதி இங்கேயே மீண்டு வந்ததென்றும் இவ்வூரார் கூறுவர்.

மற்றொரு கதையும் உண்டு. புத்தரின் வரலாற்றைத் தீட்டிய நீண்ட துணி ஒன்றை இலங்கைக்குக் காணிக்கையாகக் கொண்டுசென்ற யாத்திரிகரின் கலம் புயலிற் சிக்கியது. துணி மட்டும் பாக்பனங் கடற்கரையில் ஒதுங்கிற்று. அதனைத் துவைத்து உலர்த்தியபோதும் ஓவியம் அழியவில்லையாம். உயிர் தப்பிய சிலரின் இசைவுடன் அது மகாதாதுகோபத்துக்கே சாத்தப்பட்டது. இன்றும் மாசி மாதப் பூரணையிலும் வைகாசிப் பூரணையிலும் நிகழும் துணி சாத்தும் விழாவுக்கு இக்கதையே மூலம். மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிறங்களில் பல நூறு மீற்றர் நீளமான துணியை, ஆயிரக்கணக்கானோர் தலைக்குமேல் ஏந்தி வீதி வழியே வருவர். துணியின் ஓர் ஓரத்தையாவது தொட்டுவிட வேண்டுமென்று முதியோரும் சிறுவரும் முந்துவர். தாதுகோபத்தை மும்முறை வலம்வந்தபின், அதன் அடிப்பாகத்தைச் சுற்றித் துணி கட்டப்படும்.

இக்கரைக்கும் இலங்கைக்கும் இருந்த தொடர்பு பக்தியோடு மாத்திரம் நின்றுவிடவில்லை. தாம்பரலிங்க மன்னன் சந்திரபானு 1247ஆம் ஆண்டில், இரண்டாம் பராக்கிரமபாகுவின் ஆட்சிக் காலத்தில், இலங்கைமீது படையெடுத்தான். அவனுடைய சாவகப் படையின் நினைவே சாவகச்சேரி என்னும் ஊர்ப்பெயரில் தங்கியுள்ளது என்பது அறிஞர் சிலரின் கருத்து. கோயில்களைப் பொறுத்தவரை, பௌத்தம் ஓங்கிய இந்நகரிலே ஈசனுக்கும் நாராயணனுக்கும் பழைய மண்டபங்கள் இன்றும் உள்ளன.

தமிழ் நேயர்களின் உள்ளத்தை மிகவும் தொடக்கூடியது பத்தாம் மாத விழாவாகும். தாய்லாந்துச் சந்திர நாட்காட்டியின் பத்தாம் மாதத்துத் தேய்பிறைப் பதினைந்து நாட்களில், இறந்த முன்னோர் விடுபட்டுத் தம் வீடுகளை நாடி வருவர் என்பது நம்பிக்கை. அவர்களுள் நற்கதி பெறாதோரைப் பிரேத் என்பர். நம் பிரேதம் என்னும் சொல்லே அது. நம்மவர் மகாளயம் கொடுக்கும் நாட்களும் பெரும்பாலும் இவையே.

இறுதி நாட்களில் ஒவ்வொரு குடும்பமும் அரிசி, காய்கறி, உலர்ந்த மீன் முதலியவற்றைத் தட்டில் அடுக்கி, மேலே ஐந்து பலகாரங்கள் வைத்து விகாரைக்கு எடுத்துச் செல்லும். துளையிட்ட கலத்திலிருந்து மாவைச் சூடான சட்டியில் நூல்நூலாக வார்த்துச் சுடும் கனோம் லா என்பது முன்னோருக்கு ஆடை. ஊசிக்கண் போன்ற வாயுடைய பிரேதமும் அந்நூலை உண்ணலாம் என்றும் விளக்குவர். பொரியிற் செய்த பலகாரம் கடலைக் கடக்கும் ஓடம், மற்றொன்று அணிகலன், வேறொன்று புத்தாண்டில் விளையாடும் காய். நடுவே துளையுள்ள ஒன்று பணம். அது நம் அரியதரத்தை நினைவூட்டும். உணவோடு விளையாட்டுக் காயையும் மறவாது வைக்கும் அன்பு வியக்கத்தக்கது. படையல் முடிந்ததும், நினைப்பார் எவருமற்ற ஆவிகளுக்கென வெளியே வைத்தவற்றைச் சிறுவர் ஆரவாரத்துடன் பறித்துண்பர். 1923 முதல் இதனையொட்டிப் பெருஞ்சந்தையும் கூடி வருகின்றது.

விழா முடிந்து சில வாரங்களில் வடகீழ்ப் பருவக்காற்று வந்துவிடும். யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் மழை தரும் அதே காற்றுத்தான் இங்கும் மழையைப் பொழிகின்றது. குடாவின் ஈரத்தைச் சுமந்துவரும் அக்காற்றைத் தென் தாய்லாந்தின் மிக உயர்ந்த சிகரமான காவ் லுவாங், 1,835 மீற்றர் உயரத்தில் நின்று தடுக்கின்றது. குருங் சிங், புரொம்மலோக் முதலிய அருவிகளும், அடிவாரத்துக் கீரிவோங் கிராமத்தின் மங்குஸ்தான், டூரியன் தோட்டங்களும் அம்மழையின் கொடை.

ஆயினும் காற்றும் மழையும் கொடுமையும் செய்துள்ளன. 1962 ஒக்ரோபரில் ஹரியட் என்னும் புயல் தலும்புக் முனையை அழித்து நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது. 1988 நவம்பரில் நேர்ந்ததையோ இயற்கையின் செயல் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. காடு அழித்து இறப்பர் நடப்பட்ட செங்குத்தான சரிவுகள், பெருமழையில் சரிந்தன. இறப்பரின் வேர்களால் அம்மண்ணைப் பிடித்து வைக்க இயலவில்லை. சேறும் மரக்கட்டைகளும் பாறைகளும் பாய்ந்து பிபூன் பகுதியின் கதூன் ஊரை மூடின, பலர் மாண்டனர். கீரிவோங்கும் பாதிக்கப்பட்டது. அடுத்த இரண்டு மாதங்களுக்குள், 1989 ஜனவரியில், இயற்கைக் காடுகளில் வணிகத்துக்காக மரம் வெட்டுவதைத் தாய்லாந்து அரசாங்கம் நாடு முழுவதும் தடைசெய்தது. கதூன் இருந்த தாழ்நிலத்தில் இன்று ஒரு நீர்த்தேக்கம் பரந்து கிடக்கின்றது.

இம்மாகாணத்தைக் காண விரும்புவோருக்கு மாசிப் பூரணையை அடுத்த நாட்களே ஏற்றவை. அப்போது மழை ஓய்ந்திருக்கும். துணி சாத்தும் விழாவையும் காணலாம். பத்தாம் மாத விழாவுக்கு வருவோர் மலையேறும் எண்ணத்தைத் தளர்த்திக்கொள்ளுதல் நலம். கனமழைக் காலத்தில் காட்டுப் பாதைகள் மூடப்படுவதுண்டு.