கத்தாரில் ஓட்டிய காரை நெய்வேலிக்குக் கொண்டு வரலாமா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படிங்க!

"தம்பி, பெயரெல்லாம் போட வேண்டாம். என்னை மாதிரி இன்னொருத்தர் ஏமாறக் கூடாது, அதுக்காகத்தான் சொல்றேன்..."

இப்படித்தான் பேச ஆரம்பித்தார் அந்தப் பெரியவர். என்.எல்.சி-யில் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, பக்கத்தில் வடக்குத்தில் வீடு கட்டிக் குடியேறியிருக்கிறார். மகன் கத்தாரில் இன்ஜினீயர். ஒன்பது வருட வேலையை முடித்துக்கொண்டு குடும்பத்தோடு ஊர் திரும்பும் நேரம். அவரிடம் இரண்டு வருடம் ஓடிய எஸ்.யூ.வி ஒன்று இருந்தது.

"கிளம்பறது தெரிஞ்சா அங்கே அடிமாட்டு விலைக்குத்தான் கேப்பாங்க. ‘அப்பா, பேசாம கப்பல்ல ஏத்தி ஊருக்கே கொண்டு வந்துடட்டுமா?’ன்னு வீடியோ கால்ல கேட்டான். வில்லுடையான்பட்டு முருகன் கோயில் வாசல்ல அந்த வண்டியை நிறுத்திப் பூஜை போடற மாதிரி எனக்கும் ஒரு ஆசை. வரி எவ்வளவு வந்தாலும் என் ரிட்டயர்மென்ட் பணத்துல கட்டிடலாம்னு சொல்லிட்டேன்" என்கிறார்.

யாரோ சொல்லி ஓர் ஏஜென்ட் அறிமுகமானார். "எல்லாம் நான் பாத்துக்கறேன் சார், பேப்பரைக் கொஞ்சம் ‘அட்ஜஸ்ட்’ பண்ணணும், 3 லட்சம் அட்வான்ஸ் போடுங்க" என்றாராம். பேங்குக்குப் போகும் முன் பெரியவருக்கு ஒரு சந்தேகம். "எதை அட்ஜஸ்ட் பண்ணுவாங்க?"

அந்தச் சந்தேகம்தான் அவரைக் காப்பாற்றியது. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. நெய்வேலி போன்ற ஊர்களில் அப்படிப்பட்ட வீடுகளுக்குக் குறைவில்லை. அதனால் விதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

முதல் தடை, ஸ்டியரிங்!

வெளிநாட்டிலிருந்து பழைய கார் கொண்டு வருவதற்கான நிபந்தனைகளை வகுப்பது மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம். அதில் முக்கியமான நிபந்தனை, ஸ்டியரிங் வலது பக்கம் இருக்க வேண்டும் என்பது.

கத்தார், துபாய், குவைத், சவுதி, ஓமன், பஹ்ரைன் என்று வளைகுடா நாடுகள் அத்தனையிலும் ஸ்டியரிங் இடது பக்கம்தான். அமெரிக்கா, கனடா, ஜெர்மனியிலும் அப்படியே. ஆக, நம்மவர்கள் அதிகம் வேலை பார்க்கும் வளைகுடாவிலிருந்து அங்கே ஓட்டிய காரைக் கொண்டு வரும் பேச்சு இங்கேயே முடிந்துவிடுகிறது.

"மாத்திடலாம் சார்" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். கம்பெனி தயாரித்த அமைப்பை மாற்றிய வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு குறுக்கே நிற்கும். தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

சிங்கப்பூர், லண்டன்காரர்களுக்கு?

சிங்கப்பூர், மலேசியா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, ஜப்பான் ஆகிய நாடுகளில் ஸ்டியரிங் நம்மைப் போல வலது பக்கம்தான். அவர்களுக்கு முதல் கதவு திறக்கிறது. ஆனால், பின்னாலேயே வரிசையாக நிபந்தனைகள் நிற்கின்றன.

* கார் தயாரான தேதியிலிருந்து 3 ஆண்டுகளைத் தாண்டியிருக்கக் கூடாது. வாங்கிய தேதி கணக்கில் வராது, தயாரான தேதிதான் கணக்கு.

* இன்னும் குறைந்தது 5 ஆண்டுகள் சாலையில் ஓடும் தகுதி இருக்கிறது என்று சான்றிதழ் வேண்டும். அந்த 5 ஆண்டுகளுக்கும் இந்தியாவில் சர்வீஸ் வசதி கிடைக்கும் என்ற உறுதியும் தர வேண்டும்.

* ஸ்பீடாமீட்டர் கிலோமீட்டரில் காட்ட வேண்டும். இங்கிலாந்து கார்கள் மைல் கணக்கில் ஓடுபவை என்பதை மறந்துவிடாதீர்கள்.

* ஹெட்லைட் வெளிச்சம், இடது பக்கமாகச் செல்லும் நம் போக்குவரத்துக்குப் பொருந்த வேண்டும்.

* இங்கே வந்த பிறகு, புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சோதனை செய்து, நம் மோட்டார் வாகன விதிகளுக்குப் பொருந்துகிறது என்று சான்று வாங்க வேண்டும்.

* பழைய கார் மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே வர முடியும். நெய்வேலியிலிருந்து சுமார் 200 கிலோமீட்டரில் சென்னைத் துறைமுகம் இருந்தாலும் அங்கே இறக்க முடியாது.

"வாங்கி ஒரு மாசம்தான் ஆச்சு, புது வண்டி மாதிரிதான் இருக்கு" என்று சொல்வதும் செல்லாது. வெளிநாட்டில் ஒருமுறை பதிவு செய்துவிட்டாலே, ஷோரூம் வாசனை போகாவிட்டாலும் அது ‘பழைய கார்’தான்.

வரியைக் கணக்குப் போட்டால்...

சரி, எல்லா நிபந்தனைக்கும் பொருந்தும் கார் என்றே வைத்துக்கொள்வோம். வரி எவ்வளவு?

பழைய காருக்கான சுங்க வரி 125 சதவிகிதம், அதற்கு மேல் கூடுதல் வரியாக 12.5 சதவிகிதம் என்று மொத்தம் 137.5 சதவிகிதம் இருந்தது. 2025 பட்ஜெட்டில் இதை 70 சதவிகிதச் சுங்க வரி, 67.5 சதவிகித வேளாண் கட்டமைப்பு செஸ் என்று பிரித்தார்கள். "125-லிருந்து 70 ஆகக் குறைச்சுட்டாங்களாமே!" என்று வாட்ஸ்அப்பில் பலர் மகிழ்ந்தார்கள். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். அதே 137.5 சதவிகிதம்தான்!

இந்த வரி எந்த விலைக்கு? ‘நான் பாதி விலைக்குத்தான் வாங்கினேன்’ என்று பில் காட்டினால் சுங்கத்துறை அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாது. அந்த மாடல் தயாரான ஆண்டில் புதிதாக என்ன விலையோ, அதிலிருந்து தேய்மானம் கழிப்பதுதான் வழக்கமான முறை. முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு 4 சதவிகிதம், இரண்டாம் ஆண்டில் 3 சதவிகிதம், மூன்றாம் ஆண்டில் 2.5 சதவிகிதம் என்று கழியும். இரண்டு ஆண்டு ஓடிய காருக்கு மொத்தம் 28 சதவிகிதம்தான் குறையும்.

ஓர் உதாரணம். புதிதாக 20 லட்சம் ரூபாய் மதிப்புள்ள பெரிய கார். இரண்டு ஆண்டு ஓடியது.

* தேய்மானம் கழித்த மதிப்பு: 14.40 லட்சம்
* கப்பல் கட்டணமும் இன்ஷூரன்ஸும் (ஒரு பேச்சுக்கு): 1.60 லட்சம்
* வரி போடும் மதிப்பு: 16 லட்சம்
* 137.5% வரி: 22 லட்சம்
* இரண்டும் சேர்த்து: 38 லட்சம்
* அந்த 38 லட்சத்தின் மேல் ஜி.எஸ்.டி 40%: 15.20 லட்சம்
* மொத்தம்: 53.20 லட்சம்

வரி மட்டும் 37.20 லட்சம். புதிதாக 20 லட்சத்துக்கு வாங்கிய காரை, இரண்டு வருடம் ஓட்டித் தேய்த்த பிறகு, 50 லட்சத்துக்கு மேல் மதிப்பாக்கி வீட்டுக்குக் கொண்டு வருகிறோம். சோதனைக் கட்டணம், மும்பையிலிருந்து லாரி வாடகை, தமிழ்நாட்டின் சாலை வரி எல்லாம் இதற்குப் பிறகு. (பெரிய கார்களுக்கு 40 சதவிகித ஜி.எஸ்.டி 2025 செப்டம்பர் 22 முதல் அமலில் இருக்கிறது. சிறிய கார்களுக்கு 18 சதவிகிதம்.)

"ஊர் திரும்பறவங்களுக்கு வரிச் சலுகை உண்டே?" என்று கேட்கலாம். டி.வி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் போன்ற வீட்டுச் சாமான்களுக்குத்தான் அந்தச் சலுகை. சுங்கச் சட்டத்தில் ‘பயணியின் உடைமை’ என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே மோட்டார் வாகனம் சேராது என்று எழுதியிருக்கிறது.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

ஜப்பானில் புதுக் காருக்கு முதல் கட்டாயச் சோதனை மூன்றாவது ஆண்டில் வரும், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. அந்தச் செலவுக்குப் பயந்தே பலர் வண்டியை விற்றுவிடுவார்கள். சிங்கப்பூரில் கார் வைத்துக்கொள்ளும் உரிமையே 10 ஆண்டுகளுக்குத்தான். அதன் பிறகு பெரும் தொகை கட்டிப் புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் வண்டியை உடைக்க வேண்டும் அல்லது ஏற்றுமதி செய்ய வேண்டும். இப்படிக் கழியும் கார்கள் உலகம் முழுக்கப் போகின்றன.

இலங்கையில் சாலைகளில் ஓடும் கார்களில் பெரும்பங்கு ஜப்பானில் ஓடி வந்தவைதான். அங்கே அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தபோது, 2020-ல் வாகன இறக்குமதியையே நிறுத்தினார்கள். சொந்த உபயோக வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பிப்ரவரியில்தான்.

இந்தியா அந்த வழியில் போகவில்லை. 2001-ல் இறக்குமதி மீதான அளவுக் கட்டுப்பாடுகள் நீங்கியபோது, வெளிநாட்டுப் பழைய கார்கள் வந்து குவிந்தால் இங்கே கார் தயாரிக்கும் தொழில் படுத்துவிடும் என்ற கவலை இருந்தது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளை நம்பி எத்தனை தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன என்று யோசித்தால் அந்தக் கவலை புரியும். அடுத்த நாடு கழிக்கும் புகை வண்டிகளுக்கு நாம் குப்பைக் கிடங்காகக் கூடாது என்பதும் ஒரு காரணம்.

‘அட்ஜஸ்ட்’ என்றால் என்ன?

பெரியவரின் கேள்விக்கு வருவோம். பேப்பரில் எதை மாற்றுவார்கள்? மாடல் ஆண்டு, விலை, உரிமையாளர் பெயர். இந்த மூன்றில் ஒன்றைத்தான்.

தமிழ்நாடே அறிந்த ஒரு வழக்கு இதற்கு உதாரணம். 1994-ல் லண்டனிலிருந்து சென்னைக்கு ஒரு லெக்சஸ் கார் வந்தது. புதிய காரை, 1993 மாடல் பழைய கார் என்று ஆவணங்களில் காட்டி, ஒரு கோடி ரூபாய்க்கு மேல் வரி ஏய்ப்பு செய்ததாக சசிகலாவின் கணவர் ம.நடராசன் உள்ளிட்டோர் மீது சி.பி.ஐ வழக்கு தொடர்ந்தது. 2010-ல் சி.பி.ஐ நீதிமன்றம் இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. 2017 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2018 மார்ச்சில் நடராசன் காலமானார். ஒரு காரின் மாடல் ஆண்டு பற்றிய விவகாரம், 20 ஆண்டுகளுக்கு மேல் நீதிமன்றங்களில் ஓடியிருக்கிறது. செல்வாக்குள்ளவர்களுக்கே இந்த நிலை என்றால், பென்ஷன் வாங்கும் ஒருவர் என்ன செய்வார்?

சுங்கச் சட்டத்தின் 135-வது பிரிவின்படி, ஏய்த்த வரி 50 லட்சம் ரூபாயைத் தாண்டினால் 7 ஆண்டு வரை சிறை. தொகை குறைவாக இருந்தாலும் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க முடியும். ஆவணத்தில் கையெழுத்து உங்களுடையது. ஏஜென்ட் போன் ஸ்விட்ச் ஆஃப் ஆகிவிடும்.

இங்கே வாங்குபவர்களும் உஷார்!

2025 செப்டம்பர் 23 அன்று கேரளாவில் சுங்கத்துறை ‘ஆபரேஷன் நும்கோர்’ என்ற பெயரில் அதிரடி சோதனை நடத்தியது. ‘நும்கோர்’ என்றால் பூட்டான் மொழியில் வாகனம். பூட்டானிலிருந்து பழைய சொகுசு கார்களை வரி கட்டாமல் எல்லை தாண்டிக் கொண்டு வந்து, போலி ஆவணங்கள் மூலம் வேறு மாநிலங்களில் பதிவு செய்து விற்றார்கள் என்பது புகார். பிரபல நடிகர்களின் வீடுகளிலும் சோதனை நடந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட வண்டிகள் முதல் நாளே கைப்பற்றப்பட்டன.

ஆகவே, வெளிமாநிலப் பதிவு எண்ணோடு ஒரு வெளிநாட்டு எஸ்.யூ.வி மலிவாக வருகிறது என்றால், ஆர்.சி புத்தகத்தை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். ‘பில் ஆஃப் என்ட்ரி’ என்ற சுங்க ஆவணத்தையும், வரி கட்டிய ரசீதையும் கேளுங்கள். சேஸிஸ் எண் இரண்டிலும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். "எனக்குத் தெரியாது, நம்பி வாங்கினேன்" என்று சொன்னாலும், கடத்தி வந்த வண்டியைக் கைப்பற்ற சுங்கத்துறைக்கு அதிகாரம் உண்டு.

அப்போ என்னதான் செய்யலாம்?

* அங்கேயே விற்றுவிடுங்கள். ஊர் திரும்பும் தேதி முடிவானதுமே விளம்பரம் கொடுங்கள். கடைசி வாரத்தில் விற்றால்தான் அடிமாட்டு விலை.

* லோன் பாக்கி, டிராஃபிக் அபராதம் எல்லாவற்றையும் முடித்து, உரிமையாளர் பெயரை மாற்றிய பிறகே விசாவை ரத்து செய்யுங்கள்.

* விற்ற பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். வெளிநாட்டில் வசிப்பவர் என்ற தகுதி இருக்கும்வரை என்.ஆர்.இ கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை.

* சொந்தக் காரிலேயே பல நாடு சுற்றிவிட்டு வர ஆசை என்றால், ‘கார்னெட்’ என்ற ஆவணத்தின் மூலம் 6 மாதம் வரை தற்காலிகமாக இந்தியாவுக்குள் கொண்டு வரலாம். ஆனால், காரைத் திரும்ப வெளியே கொண்டு போயே ஆக வேண்டும். ஊரில் நிரந்தரமாக வைத்துக்கொள்ள இது வழியல்ல.

வடக்குத்துப் பெரியவர் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. மகன் கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பே, கூட வேலை பார்த்த ஒருவருக்கு ஓரளவு நல்ல விலைக்கே வண்டியை விற்றுவிட்டார். அந்தப் பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு, கடலூரில் டி.என்.31 பதிவுள்ள, இரண்டு வருடம் ஓடிய காரை வாங்கியிருக்கிறார்கள்.

"வில்லுடையான்பட்டுல பூஜை போட்டாச்சு தம்பி. எலுமிச்சம்பழம் எல்லா வண்டிக்கும் ஒண்ணுதானே!" என்று சிரிக்கிறார். "பேத்திக்குத்தான் அந்த வண்டி இல்லையேன்னு வருத்தம். அவ உக்காந்து வந்த குழந்தை சீட்டை மட்டும் லக்கேஜ்ல கொண்டு வந்துட்டாங்க. அதை இந்த வண்டியில மாட்டினதும் ஏறி உக்காந்துட்டா. அவளுக்கு அவ்வளவுதான் வேணும்."