கவாத்து நாளில் தொடங்கும் அறுவடை

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் பன்னீர் திராட்சைத் தள்ளுவண்டி நிற்காத மாதம் அரிது. விதையில்லாப் பச்சைத் திராட்சை கோடையை ஒட்டி வந்து போய்விடும். கம்பம் பள்ளத்தாக்கின் கறுப்புத் திராட்சைக்கோ ஆண்டு முழுவதும் பருவம்தான். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் அது. ஆனாலும் மழைமேகம் திரண்டால், காலையில் சொன்ன விலையில் பாதிக்கு மாலையில் தள்ளிவிடுகிறார் வண்டிக்காரர். அவரால் காத்திருக்க முடியும், பழத்தால் முடியாது.

காத்திருக்க இயலாத இந்தப் பழத்தை, காத்திருக்கக்கூடிய சரக்காக மாற்றுவதே ஒயின் ஆலையின் தொழில். மதுவின் நன்மை தீமை இங்கே என் பொருள் அன்று. அந்தத் தொழிலின் கணக்கே என் பொருள்.

கல்லூரிப் பணியில் இருந்த காலத்தில் ஓர் அக்டோபர் மாதம், நாசிக் அருகே உள்ள ஓர் ஒயின் ஆலைக்கு மாணவர்களை அழைத்துச் சென்றேன். அங்கே அறுவடை ஜனவரியில் தொடங்கி மார்ச்சில் முடியும். எனவே ஆலை ஓய்ந்திருக்கும், ஆறஅமரப் பேசலாம் என்று எண்ணியிருந்தேன். மேலாளரோ தோட்டத்தில் கவாத்து செய்வோர் நடுவே நின்றுகொண்டிருந்தார். "அறுவடை வேலை தொடங்கிவிட்டது சார்" என்றார்.

அவர் சொன்னது மிகையன்று. ஐரோப்பாவில் குளிர்காலத்தில் கொடி உறங்குகிறது, வசந்தத்தில் துளிர்க்கிறது, பழம் பறிக்கும் நாளை வெயிலும் மழையும் தீர்மானிக்கின்றன. நம் வெப்ப நாட்டில் கொடி உறங்குவதில்லை. மகாராஷ்டிரத்தில் ஏப்ரலில் ஒருமுறையும், காய்ப்புக்காக அக்டோபரை ஒட்டி மறுமுறையும் அதை வெட்டுகிறார்கள். இரண்டாம் வெட்டிலிருந்து நான்கைந்து மாதங்களில் பழம் பறிப்புக்கு வரும். எல்லா வயல்களையும் ஒரே வாரத்தில் வெட்டினால், எல்லாப் பழமும் ஒரே வாரத்தில் ஆலை வாசலில் வந்து நிற்கும். ஆகவே எந்தத் தொட்டி எந்த நாளில் காலியாகும் என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக் கவாத்து நாளைக் குறிக்கிறார்கள்.

தொட்டியே இங்கு அரிய வளம். சிவப்பு ஒயினுக்குத் தோலோடு நொதிக்கவிடும்போது தோல் மேலே மிதந்து எழும்பும் என்பதால், தொட்டியை முழுவதும் நிரப்ப முடியாது. அந்த நொதிப்பு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் பிடிக்கும். குளிர்ச்சியில் மெல்ல நொதிக்கும் வெள்ளை ஒயினுக்கு இரண்டு மூன்று வாரங்கள்கூட ஆகும். சென்ற ஆண்டின் ஒயினைப் புட்டியில் அடைத்து அனுப்பினால்தான் புதிய சாற்றுக்கு இடம் கிடைக்கும். பிறகு காஸ்டிக் சோடாவாலும் சிட்ரிக் அமிலத்தாலும் கழுவுகிறார்கள். பிழியும் இயந்திரம், குளிரூட்டும் குழாய்கள், மின்தடைக்கு ஜெனரேட்டர் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்கிறார்கள். பழம் முற்றத் தொடங்கியதும் வயல்தோறும் மாதிரி எடுத்து, சர்க்கரை 22 முதல் 24 பிரிக்ஸ் அளவை நெருங்குகிறதா, புளிப்பு எவ்வளவு குறைந்தது என்று அளக்கிறார்கள். பறிப்பு பெரும்பாலும் விடியலுக்கு முன்பே நடக்கிறது.

இந்த ஏற்பாட்டில் விவசாயியின் நிலைதான் என்னை உறுத்தியது. ஒயின் திராட்சை சிறியது. தடித்த தோலும் விதையும் உள்ளது. ஆலை வாங்காவிட்டால் அதைத் தள்ளுவண்டியில் விற்க முடியாது. 2001-இல் மகாராஷ்டிர அரசு வகுத்த திராட்சைப் பதனக் கொள்கையின் வரிச்சலுகையை நம்பி ஆலைகள் பெருகின. பலர் ஒயின் ரகங்களை நட்டார்கள். 2008-இன் உலக மந்தமும் அவ்வாண்டு நவம்பரில் நடந்த மும்பைத் தாக்குதலும் ஓட்டல் விற்பனையைச் சரித்தன. பழைய ஒயின் விற்காததால் தொட்டிகள் காலியாகவில்லை. பழமோ பழுத்துவிட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் கொடிகளை வேரோடு பிடுங்கியவர்கள் பலர்.

கம்பத்தில் நிலைமை வேறு. அங்கு ஆண்டுக்கு இரண்டு அறுவடை எளிது. வயலுக்கு வயல் கவாத்து நாளும் மாறும். நாசிக்கில் சில மாதங்கள் மட்டும் நிரம்பும் தொட்டி இங்கே ஆண்டு முழுவதும் உழைக்கலாம். மூலதனச் செலவு பரவலாகும். பன்னீர் திராட்சை எனப்படும் மஸ்கட் ஹாம்பர்க் இனத்திலிருந்து சீனாவில் ஒயின் எடுக்கவும் செய்கிறார்கள். ஆலையின் விலை பிடிக்காவிட்டால் நம் விவசாயி பழத்தைத் தாம்பரத்துக்கு அனுப்பிவிடலாம். நாசிக் விவசாயிக்கு வாய்க்காத பேரவலிமை இது.

ஆனால் சந்தைக்கு விளைவிப்பவர் எடையைப் பார்க்கிறார். ஆலை சர்க்கரையைப் பார்க்கிறது. சர்க்கரை ஏற வேண்டுமானால் குலைகளைக் குறைக்க வேண்டும். குறைத்த பின் ஆலை கைவிட்டால், சந்தைக்குக் கொண்டுபோக எடையும் இருக்காது. 2003 முதல் மாநிலத்தில் மதுவின் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில் இருப்பதால், இங்குள்ள ஆலைக்கு உள்ளூரில் ஒரே வாடிக்கையாளர்தான். அதன் கொள்முதல் ஆணை தாமதமானால், நாசிக்கில் நேர்ந்தது போலவே தொட்டி காலியாகாது.

எனவே ஒப்பந்தத்தில் அறுவடை நாள் விலையை மட்டும் எழுதினால் போதாது. கவாத்து நாளன்றே விலையில் ஒரு பங்கை, குறைக்கப்படும் குலைகளுக்கு ஈடாகவேனும், திரும்பக் கேட்காத முன்பணமாக விவசாயியிடம் ஆலை கொடுத்துவிட வேண்டும். தொட்டி காலியாகாத ஆண்டில் நட்டத்தின் ஒரு பகுதி அப்போது ஆலையின் கணக்கிலும் ஏறும்.