போல்ட்டுக்குள் ஒளிந்திருக்கும் காய்ச்சல்!

கடற்காற்றில் இரும்பு நிலைக்காது. வேம்பார்க்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தூத்துக்குடிக் கரையின் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டுடன் ஓய்ந்தது. மீன்பிடிப்பு ஓயவில்லை. படகில் முடுக்கிய சாதாரண போல்ட்டை உப்பு தின்றுவிடும். அதனால்தான் துத்தநாகப் பூச்சுப் போட்ட ஜி.ஐ. போல்ட் வாங்குகிறார்கள்.

துருவிலிருந்து காக்கும் அந்தப் பூச்சே, வெல்டிங் நெருப்புப் பட்டதும் ஆளைப் படுக்க வைத்துவிடுகிறது!

நள்ளிரவில் நடுக்கம்

எஃகு உருக ஏறக்குறைய 1,500 டிகிரி சூடு வேண்டும். துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். காற்றில் கலந்ததும் அது வெள்ளைப் புகையாகிறது. பஞ்சு போல மிதக்கிறது. ஐரோப்பாவின் பழைய ரசவாதிகள் இதற்கு 'ஞானியின் கம்பளி' என்று பெயர் வைத்தார்கள். பெயர் என்னவோ அழகுதான்!

புகையைச் சுவாசித்தவர் நன்றாகத்தான் வீடு திரும்புவார். நாலைந்து மணி நேரம் கழித்துத் தொண்டை வறளும். வாயில் ஒரு தித்திப்பு. பிறகு குளிர், காய்ச்சல், உடம்பெல்லாம் வலி. 'மலேரியாவோ!' என்று வீடே கலங்கும். ஓரிரு நாளில் வியர்த்து விட்டுவிடும்.

தினமும் இப்புகையில் நிற்பவருக்கு உடம்பு சற்றுப் பழகிவிடுகிறது. ஞாயிறு ஓய்வில் அந்தப் பழக்கம் போய்விடும். மறுநாள் காய்ச்சல் பிடித்துக்கொள்ளும். இதனால் 'திங்கட்கிழமைக் காய்ச்சல்' என்றும் இதற்குப் பெயர் உண்டு.

பால் குடித்தால் புகை முறிந்துவிடும் என்று நம்புகிறவர்கள் பலர். புகை போவது நுரையீரலுக்கு. பால் போவது வயிற்றுக்கு. இரண்டும் எங்கே சந்திப்பது?

ஐந்து பேர், ஒரு சாவு

துத்தநாகம் காய்ச்சலோடு விட்டுவிடும். காட்மியம் விடாது. இங்கிலாந்தில் ஸெவர்ன் நதிப் பாலம் கட்டிய நாளில், 1960-களில், ஐந்து தொழிலாளர்கள் மூடிய இடத்தில் போல்ட்டுகளைக் காஸ் நெருப்பால் வெட்டினார்கள். அவை காட்மியம் பூசியவை. ஐவரும் நோயுற்றனர். ஒருவர் மாண்டார்.

முதல் நாள் இதுவும் வெறும் காய்ச்சல் போலவே இருக்கும், ஆபத்து அதில்தான். பழைய கப்பல், விமானச் சாமான்களில் இத்தகைய போல்ட் இருக்கக்கூடும். பூச்சு இன்னதென்று தெரியாவிட்டால் நெருப்புக் காட்டாமல் ரம்பத்தால் அறுப்பதே நல்லது.

செய்ய வேண்டியது

வெல்டிங் விழும் இடத்தைச் சுற்றி 2 அங்குலம் வரை துத்தநாகப் பூச்சை முதலில் கிரைண்டரால் எடுத்துவிடவேண்டும். அந்தத் தூளும் மூக்கில் ஏறக்கூடாது. வெட்டவெளியில், புகை முகத்தில் படாமல் காற்று பக்கவாட்டில் வீசும்படி நிற்கவேண்டும். படகின் அடியறையில் வேலை என்றால், புகையை வெளியே இழுக்கும் விசிறி அவசியம். முகத்தில் கட்டிய துண்டு இந்தப் புகையைத் தடுக்காது. உலோகப் புகைக்கென்றே உள்ள முகமூடி வேண்டும்.

தலையில் 8.8, 10.9 என்று பொறித்த போல்ட்டுகளில் வெல்டிங்கே கூடாது. சூடு பட்டால் அவற்றின் பலம் போய்விடும். மற்றவற்றில் வேலை முடிந்ததும், பூச்சுப் போன இடத்தில் துத்தநாகப் பெயின்ட் அடிக்கவேண்டும். இல்லையேல் உப்புக்கு அதுவே வாசல்!

மார்பு இறுகி மூச்சு முட்டினால் விடியும்வரை காத்திருக்கலாகாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், எதைச் சுட்டோம் என்று டாக்டரிடம் சொல்லவேண்டும். மிச்சமிருக்கும் போல்ட் ஒன்றைக் கையோடு கொண்டுபோனால் இன்னும் நல்லது.